பழைய பௌரைடர் வாங்க வேண்டும்: எந்தக் கம்பெனி நல்லது?

பிப்ரவரி 3

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "கடலூர் வண்டிப்பாளையத்தில் இருக்கிறேன். கொச்சி, கோவா, சென்னை என்று தேடியதில் 18 முதல் 22 அடிக்குள் நான்கு பழைய பௌரைடர் படகுகள் அகப்பட்டிருக்கின்றன. சீ ரே, பேலைனர், ஃபோர் வின்ஸ், சப்பாரல். இவற்றில் எந்தக் கம்பெனிக்கு நல்ல பெயர்? குடும்பத்தோடு புதுச்சேரிப் பக்கம் சுண்ணாம்பாற்றிலும் அரியாங்குப்பத்திலும் சுற்றுவதற்கு. கடல் அமைதியாக இருந்தால் முகத்துவாரத்துக்கு வெளியேயும் கொஞ்ச தூரம்."

பெயரைப் பார்க்காதீர்கள். படகின் பின்பக்கத்தை மூடி நிற்கும் பின்பலகையைத் தட்டிப் பாருங்கள். எஞ்சினுக்கு உதிரிப்பாகம் எங்கே கிடைக்கும் என்று விசாரியுங்கள். அவ்வளவுதான்.

பிப்ரவரி 3, இரவு

மேலே எழுதியது முகத்தில் அடித்தாற்போல் இருக்கிறது என்கிறாள் மனைவி. அவளுக்குப் படகைப் பற்றித் தெரியாது, என்னைப் பற்றித் தெரியும். ஆகவே விளக்கமாகவே எழுதுகிறேன்.

பௌரைடரைப் பார்த்திராதவர்களுக்கு: முன்கண்ணாடியின் நடுவில் ஒரு சிறு கதவு இருக்கும். அதைத் திறந்துகொண்டு முன்னால் போனால் அணியத்தில் இரண்டு பேர் காலை நீட்டி உட்கார மெத்தை. நம் ஊரில் அணியம் என்றால் நங்கூரமும் கயிறும் கிடக்கும் இடம். இதில் அங்கேதான் பிள்ளைகள் உட்காருவார்கள். அமெரிக்க ஏரிகளுக்காகப் பிறந்த படகு. பெரும்பாலும் எஞ்சின் பின் மெத்தைக்கு அடியில் படுத்திருக்கும். அதன் கால் மட்டும் பின்பலகையைத் துளைத்துக்கொண்டு வெளியே தொங்கும். இந்த அமைப்புக்கு ஸ்டெர்ன்டிரைவ் என்று பெயர். 1959-இல் வோல்வோ பென்டா கொண்டுவந்தது, 1961-இல் மெர்க்ரூசர் வந்தது. இன்று பழைய பௌரைடர் வாங்கப் போகிறவருக்கு அநேகமாக இந்த இரண்டில் ஒன்றுதான் வாய்க்கும்.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், ஷார்ஜாவில் ஒன்பது ஆண்டுகள் படகுப் பட்டறையில் கிடந்தேன். திரும்பி வந்து இப்போது அரியாங்குப்பத்தில் அவுட்போர்டு, அதாவது பின்பலகைக்கு வெளியே மாட்டும் எஞ்சின், பழுது பார்க்கிறேன்.

பிப்ரவரி 4

பெயர்களைப் பற்றி. சீ ரே உசத்தி, பேலைனர் மலிவு என்று எல்லோரும் சொல்கிறார்கள். 1986-இல் இரண்டையும் வாங்கியது பிரன்ஸ்விக் என்ற ஒரே நிறுவனம். மெர்க்ரூசர் எஞ்சினும் அவர்களுடையதுதான். ஒரே வீட்டு மருமகள்கள். ஒருத்திக்குப் பட்டு, ஒருத்திக்கு நூல் புடவை. அடுப்பு ஒன்றுதான்.

ஃபோர் வின்ஸ் கதை இன்னும் சுவையானது. மிச்சிகன் மாநிலத்துக் காடிலாக் ஊரில் கட்டிய படகு. 1986-இல் ஓஎம்சி என்ற எஞ்சின் கம்பெனி வாங்கியது. அந்த ஓஎம்சி 2000 டிசம்பரில் திவாலானது. அடுத்து ஜென்மார் என்ற படகுக் கம்பெனி எடுத்துக்கொண்டது. அதுவும் 2009-இல் திவால். பிறகு ஒரு முதலீட்டு நிறுவனம், 2014-இல் பிரான்சின் பெனிட்டோ படகுக் கம்பெனி. இந்த மருமகள் மாமியார்களை மாற்றிக்கொண்டே இருந்தாள். "ஃபோர் வின்ஸ் நல்ல படகா?" என்று கேட்டால், எந்த மாமியார் காலத்துப் படகு என்று நான் திருப்பிக் கேட்பேன். திவாலாவதற்கு முந்திய ஆண்டில் எந்தத் தொழிற்சாலையும் பார்த்துப் பார்த்துப் பிசின் தடவாது.

கோபால்ட் என்ற கம்பெனியை நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருப்பேன். கடலே இல்லாத கான்சாஸில் கட்டுகிறார்கள் என்பது வேறு வேடிக்கை. 2017-இல் அதையும் மாலிபு என்ற இன்னொரு படகுக் கம்பெனி வாங்கிவிட்டது.

பிப்ரவரி 5

"யமஹா ஜெட் படகு எப்படி?" என்று இன்னொருவர் கேட்கிறார். ப்ரொப்பெல்லர் கிடையாது, முழங்கால் ஆழத்திலும் ஓடும். ஆனால் அடியிலிருந்து தண்ணீரை உறிஞ்சித்தான் ஓடுகிறது. அரியாங்குப்பம் ஆற்றில் தண்ணீரோடு என்னென்ன உறிஞ்சும் என்பதை ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பிப்ரவரி 7

இரண்டாம் யோசனை. பெயரே பார்க்காதீர்கள் என்று 3-ஆம் தேதி எழுதியது தவறு. நேற்று ஒரு உள்ளூர் ஃபைபர் படகின் கைப்பிடியைக் கழற்றும்போது இது உறைத்தது. கைப்பிடியை வெறும் திருகால் ஃபைபரில் முறுக்கி வைத்திருந்தார்கள். இழுத்ததும் பல் பிடுங்குவதுபோல் வந்துவிட்டது.

நல்ல பெயருள்ள படகில் அதே கைப்பிடி மறுபுறம் தகடு வைத்து, போல்ட்டும் நட்டுமாகப் பூட்டியிருக்கும். கம்பிகள் ஈயம் பூசிய செம்பாக இருக்கும். மலிவான படகில் வெறும் செம்பு, உப்புக்காற்று பட்டு உறைக்குள்ளேயே கறுத்துப் பச்சை பூத்திருக்கும். மெத்தைக்கு அடியில் இருக்கும் பெட்டி மூடியைத் திறந்து விரலால் விளிம்பைத் தடவிப் பாருங்கள். வழவழப்பாக முடித்திருந்தால் யாரோ ஒருவர் மெனக்கெட்டிருக்கிறார். கண்ணாடியிழை முள்ளாகக் குத்தினால், கண்ணுக்குத் தெரியாத மற்ற இடங்களிலும் அப்படித்தான்.

ஆகப் பெயருக்கு ஒரு மதிப்பு உண்டு. ஆனால் அது படகு புதிதாக இருந்த நாளுக்கான மதிப்பு. இருபது ஆண்டு கழித்து வாங்குகிறவன் முந்தைய சொந்தக்காரரின் குணத்தைத்தான் வாங்குகிறான். பெரிய பெயர்கள்கூடப் பின்பலகையிலும் அடித்தளச் சட்டங்களிலும் பிளைவுட் வைத்து மேலே ஃபைபர் சுற்றிக் கட்டிய படகுகள் நிறைய. ஏணி பொருத்த யாரோ போட்ட ஒரு துளையில் நீர் புகாமல் அடைக்கும் பசை வைக்காமல் விட்டால் போதும், தண்ணீர் உள்ளே இறங்கி மரம் ஊறுகாயாகிவிடும். வெளியே பளபளப்பு அப்படியே இருக்கும்.

பிப்ரவரி 8

விற்பவர் சொல்லும் ஆண்டை நம்பாதீர்கள். பின்பலகையின் வலது மேல்மூலையில் படகின் அடையாள எண் பொறித்திருக்கும். மொத்தம் 12 இலக்கங்களும் எழுத்துகளும். முதல் மூன்று கட்டியவரின் குறியீடு. கடைசி நான்கில்தான் ஜாதகம்: ஒரு எழுத்து கட்டிய மாதம், அடுத்த இலக்கம் கட்டிய ஆண்டின் கடைசி எண், கடைசி இரண்டு மாடல் ஆண்டு. எழுத்து ஜனவரிக்கு ஏ, பிப்ரவரிக்கு பி என்று டிசம்பருக்கு எல் வரை ஓடும். ஜி-3-04 என்றிருந்தால் 2003 ஜூலையில் கட்டிய 2004 மாடல். இதை வைத்துத்தான் எந்த மாமியார் காலம் என்று கண்டுபிடிப்பது.

பிப்ரவரி 8, மாலை

திருத்தம். இந்த மாத எழுத்து முறை 1984-க்குப் பிந்திய படகுகளுக்குத்தான். ஐரோப்பிய விற்பனைக்குப் போன படகுகளில் முன்னால் நாட்டின் இரண்டெழுத்துக் குறியீடு சேர்ந்து 14 ஆகும். 14 இருக்கிறதே, போலியோ என்று பதற வேண்டாம். எண் இருக்கும் இடத்தில் புதிதாகப் பெயின்ட் பூசியிருந்தால் மட்டும் பதறுங்கள்.

பிப்ரவரி 12

இன்று எஞ்சின். நீளமாகப் போகும்.

சின்ன பௌரைடரில் பெரும்பாலும் 3.0 லிட்டர் நாலு சிலிண்டர், அடுத்தது 4.3 லிட்டர் வி6, பெரியதில் 5.0 அல்லது 5.7 வி8. மெர்க்ரூசர் இவற்றுக்கு எடுத்துக்கொண்டது ஜெனரல் மோட்டார்ஸின் கார், லாரி பிளாக்குகளை. உடனே நம் ஆட்கள் "அப்படியானால் கார் உதிரிப்பாகமே போதும்" என்று கிளம்புவார்கள். போதாது. ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர் போன்ற மின்சாதனங்கள் படகுக்கென்று பொறி வெளியே தெறிக்காதபடி மூடிச் செய்தவையாக இருக்க வேண்டும். கார் ஆல்டர்னேட்டரைப் போட்டால், மெத்தைக்கு அடியில் தேங்கிய பெட்ரோல் ஆவி ஒரு பொறிக்காகக் காத்துக்கொண்டிருக்கும். அதன் மேல் குடும்பம் உட்கார்ந்திருக்கும். எஞ்சினை முடுக்குவதற்கு முன் நான்கு நிமிடம் ஊதுவிசிறியை ஓடவிடச் சொல்வதும் இதற்குத்தான்.

உப்பு. ஏரிக்காகக் கட்டிய எஞ்சின் வெளித்தண்ணீரையே உள்ளே இழுத்துக் குளிர்ந்துகொள்ளும். கடலில் ஓடினால் உப்புநீர், புகை வெளியேறும் இரும்புக் குழாயான மேனிஃபோல்டை உள்ளிருந்து தின்னும். மெலிந்து ஓட்டை விழுந்தால் தண்ணீர் சிலிண்டருக்குள் போகும், கதை முடிந்தது. ஷார்ஜாவில் ஐந்தாறு ஆண்டுக்கு ஒருமுறை கேள்வி கேட்காமல் மாற்றுவோம். நன்னீர் ஏரியிலேயே இருந்த மலிவான படகு, கடலில் இருந்த உயர்ந்த படகைவிட மேல். இந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவு நேரம் எழுதினேன்.

தியாக உலோகத்தையும் பாருங்கள். எஞ்சின் கால் அரிக்காமல் இருக்க, அதற்குப் பதிலாகத் தான் கரைவதற்கென்றே மாட்டியிருக்கும் கட்டி அது. உப்புநீருக்குத் துத்தநாகம், நன்னீருக்கு மக்னீசியம், இரண்டுக்கும் பொதுவாக அலுமினியம். பாதி தேய்ந்திருந்தால் நல்லது, வேலை செய்திருக்கிறது. பத்தாண்டுப் படகில் புத்தம்புதிதாக இருந்தால் நேற்று மாற்றியதா, பெயின்ட் பூசி வேலையே செய்யாமல் கிடந்ததா என்று கேளுங்கள்.

பிப்ரவரி 12, பின்குறிப்பு

ஒன்றை மறந்துவிட்டேன். இப்போது பங்க்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். இந்த எஞ்சின்காரர்கள் அனுமதிப்பது 10 வரை. எத்தனால் ஈரத்தை இழுக்கும். வாரக்கணக்கில் நிற்கும் படகின் தொட்டியில் அது அடியில் தண்ணீரோடு பிரிந்து தங்கும். பழைய ரப்பர் குழாய்களையும் ஊறவைத்துக் கெடுக்கும். இதில் சீ ரே, பேலைனர் பேதமில்லை. குழாய்கள் எல்லாவற்றையும் மாற்றும் செலவை விலையோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு குடிக்கும் என்றும் கேட்டிருந்தீர்கள். 135 குதிரைத்திறன் எஞ்சினை முழுதாக முறுக்கினால் மணிக்கு 40 லிட்டருக்கு மேல். புதுச்சேரி பெட்ரோல் கடலூரைவிட மலிவுதான். அந்த மலிவு இதற்குப் போதாது.

பிப்ரவரி 15

முகத்துவாரத்துக்கு வெளியே போவது பற்றி. ஷார்ஜாவில் ஒரு மதியம், பழுது முடித்த ஒரு பௌரைடரைச் சோதிக்கப் போனோம். முன் மெத்தையில் பருமனாக மூன்று பேர். முதலாளியின் நண்பர்கள், இறக்கிவிட முடியாது. பெரிய கப்பல் ஒன்று எழுப்பிய அலையில் ஏறி இறங்கும்போது அணியம் நேராக அடுத்த அலைக்குள் சொருகியது. சத்தமே இல்லை. பச்சையாக ஒரு கண்ணாடிப் பாளம் போல் தண்ணீர் எழும்பி, நடுக்கதவு வழியாக என் மடிக்கு வந்தது. மெத்தைகள் மிதந்தன. ஒருவருடைய செருப்பு எஞ்சின் மூடிவரை போயிருந்தது. வேகத்தைச் சட்டென்று குறைத்தது என் தவறு. குறைத்ததும் அணியம் இன்னும் தாழ்ந்தது. பெயர் சொல்லமாட்டேன், நல்ல பெயருள்ள படகுதான்.

நம் முகத்துவாரம் அதைவிடப் பொல்லாதது. மணல் மூடும், வாய் இடம் மாறும், அலை மணல்மேட்டில் உடையும். முன்னால் அணியம் மூடி, உயர்ந்து நிற்கும் நம் ஃபைபர் படகுக்காரனே அங்கே அலை எண்ணிப் பார்த்துத்தான் விடுகிறான். திறந்த அணியத்தை வைத்துக்கொண்டு, அதில் பிள்ளைகளை உட்காரவைத்து, பிற்பகல் கடற்காற்றில் வெளியே போகிறேன் என்றால், எந்தக் கம்பெனி என்ற கேள்விக்கே இடமில்லை. உள்ளேயே சுற்றுங்கள். நோணாங்குப்பம் படகுத்துறையிலிருந்து பாரடைஸ் கடற்கரை வரைக்கும் உள்ள தண்ணீர் போதாதா?

பிப்ரவரி 16

"பயமுறுத்துகிறீர்கள்" என்று எழுதியிருக்கிறார் கடலூர் வாசகர். ஆமாம்.

பிப்ரவரி 22

நேற்று நேரிலேயே போனோம். அவர் பட்டியலிட்ட நான்கில் ஒன்றும் இல்லை. கடலூர் முதுநகர்ப் பக்கம் ஒரு தகரக் கொட்டகையில் ஐந்தாவதாக ஒன்று கிடைத்திருக்கிறது. அதுவும் பெயர்போன கம்பெனிதான், சொல்லப்போவதில்லை. கேட்பது ஒன்பது லட்சம். "2008 மாடல் அண்ணா, ஓட்டவே இல்லை" என்றார் விற்பவர்.

படகு கிழக்குப் பார்த்து நின்றது. மெத்தைகள் புதிது, ஃபைபரின் மேற்பூச்சான ஜெல்கோட்டில் முகம் பார்க்கலாம். நம் வாசகர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்போதே பாரடைஸ் கடற்கரைக்குப் போய்விட்டார். நான் கீழே குனிந்தேன்.

அடையாள எண்ணின் கடைசி நான்கு: டி-2-02. 2002 ஏப்ரல். விற்பவரிடம் காட்டினேன். அது தொழிற்சாலையில் ஏதோ கணக்கு எண் என்றார். சரி என்றேன்.

பையிலிருந்து பத்து ரூபாய் நாணயத்தை எடுத்துப் பின்பலகையைத் தட்டிக்கொண்டே போனேன். மேலே ஓரத்தில் டக் டக் என்று இறுகிய சத்தம். நடுவில் எஞ்சின் காலை நெருங்க நெருங்கச் சத்தம் மந்தமாகி, காலுக்கு வலப்புறம் ஒரு முழ அகலத்துக்கு, ஈரச்சுவரில் தட்டியதுபோல் தொப் தொப். வாசகரைக் கூப்பிட்டு அவர் கையிலேயே நாணயத்தைக் கொடுத்தேன். மூன்று முறை தட்டினார். முகம் மாறியது. உள்ளே ஏறி, ஓட்டுநர் இருக்கைக்கு முன்னால் குதிகாலை ஊன்றச் சொன்னேன். தரை லேசாக அமுங்கி எழும்பியது.

பிறகு எஞ்சின் காலின் அடித்திருகைத் திறந்தேன். கியர் எண்ணெய் தேன் நிறத்திலோ கறுத்தோ வர வேண்டும். முதலில் ஒரு கரண்டி தண்ணீர் சொட்டியது, அதன் பின்னால் மோர் போல வெள்ளையாக எண்ணெய். மேலே மடிப்பு மடிப்பாக இருக்கும் பெல்லோஸ் ரப்பரை விரலால் விரித்தேன். மடிப்பின் உள்ளே வெடிப்பு. அது கிழிந்தால் படகுக்குள் தண்ணீர் ஏறும், நிறுத்திவைத்த இடத்திலேயே மூழ்கும். ஓட்டவே இல்லை என்று அவர் சொன்னது ஒருவேளை உண்மைதான். ஓட்டாமல் போட்டதால்தான் இந்தக் கதி.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். படகைத் தாங்கி நின்ற டிரெய்லர் அருமை. துத்தநாக முலாம் அப்படியே இருந்தது, சக்கர அச்சில் கிரீஸ் புதிது, உருளைகள் கையால் தள்ளினால் சுழன்றன. இரண்டு முறை சுற்றி வந்து பார்த்தேன்.

பிப்ரவரி 23

வீட்டுக்கு வரும் வழியில் அவர் கேட்டது: "அண்ணா, பின்பலகையை மாற்றிவிட்டால்?" மாற்றலாம். எஞ்சினை இறக்கி, பழைய மரத்தை வெட்டி எடுத்து, புதிய பலகை வைத்து, கண்ணாடியிழைப் பாயும் (மேட்) ரெசினுமாக அடுக்கி, மறுபடி எஞ்சினை ஏற்ற வேண்டும். தேங்காய்த்திட்டில் கைதேர்ந்த ஃபைபர் மேஸ்திரிகள் இருக்கிறார்கள். ஆனால் ஒரு நல்ல மேஸ்திரி தன் ஊர் மீன்பிடிப் படகுகளை விட்டுவிட்டு இதற்கு எப்போது வருவார் என்பது வேறு கேள்வி.

மார்ச் 9

ஒரு வாசகர் சண்டைக்கு வந்திருக்கிறார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷனில் வந்த சொல்தா குடும்பம் போலிருக்கிறது. பிரான்சின் லா ரோஷெல் துறைமுகத்தையெல்லாம் மேற்கோள் காட்டுகிறார். அங்கே கம்பெனிப் பெயரைச் சொன்னாலே மறுவிற்பனை விலை நிற்கும், ஆகவே பெயரே முதலீடு என்கிறார். ஐயா, அங்கே உண்மைதான். ஷார்ஜாவிலும் ஓரளவு உண்மை. இங்கே அதை யாரிடம் விற்பீர்கள்? சப்பாரல் என்ற பெயரை வீராம்பட்டினத்தில் சொன்னால் செருப்புக் கடையா என்று கேட்பார்கள். இந்தக் கரையில் மதிப்புள்ள பெயர் எஞ்சின் மூடியில் இருக்கும் பெயர் ஒன்றுதான். யமஹா என்றால் கண்ணை மூடிக்கொண்டு விலை கேட்கிறான், சுசுகி என்றால் ஒரு கேள்வி கேட்டுவிட்டு விலை கேட்கிறான். உள்ளே எஞ்சின் வைத்த ஸ்டெர்ன்டிரைவ் என்றால், "இதன் மிஷின் எங்கே?" என்று பின்னால் எட்டிப் பார்க்கிறான். வெளிநாட்டுப் பெயருக்காக நீங்கள் கொடுக்கும் கூடுதல் பணம் வாங்கும் அன்றே ஆற்றில் விழுந்துவிடும்.

கட்டியவனின் பெயரை நம் ஆட்கள் பார்க்கவே மாட்டார்கள் என்றும் சொல்லக்கூடாது. 2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரைக்குப் படகுகள் குவிந்தன. புதிது புதிதாகப் பட்டறைகள் முளைத்தன, தரம் கெட்டவையும் வந்தன. தேவனாம்பட்டினத்தில் என் சித்தப்பாவுக்கு வந்த படகு இரண்டாம் ஐப்பசியில் படகின் அடி முதுகெலும்பான ஏராவை ஒட்டி நீளமாக வெடித்தது. வெட்டிப் பார்த்தால் விரல்கனம் இருக்க வேண்டிய இடத்தில் தேங்காய் ஓட்டின் கனம்கூட இல்லை. அதற்குப் பிறகு சித்தப்பா எந்தப் படகை வாங்கினாலும் எந்தப் பட்டறை, எந்த மேஸ்திரி என்று கேட்டுத்தான் வாங்கினார். ஆனால் அவர் கேட்ட பெயர் நடந்துபோய்ச் சட்டையைப் பிடிக்கக்கூடிய தூரத்தில் இருந்தது.

மார்ச் 10

சொல்தா ஐயாவுக்கு: யமஹா மூடியைப் பழைய எஞ்சினுக்கு மாட்டி விற்பவர்களும் உண்டு. ஒப்புக்கொள்கிறேன். எஞ்சின் எண்ணையும் பதிவுத்தாளையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். 2021-இன் உள்நாட்டுக் கலங்கள் சட்டப்படி பதிவு இல்லாத படகு எவ்வளவு அழகாக இருந்தாலும் கொட்டகையில்தான் இருக்கும்.

மார்ச் 30

வாசகர் சொல்கிறார், முதுநகர்க்காரர் ஒன்பதிலிருந்து ஆறரைக்கு இறங்கியிருக்கிறாராம். "இப்போது வாங்கலாமா?" அந்த எஞ்சின் காலுக்கு உதிரிப்பாகம் எங்கிருந்து வரும் என்று அவரிடமே கேட்கச் சொன்னேன். துபாயிலிருந்து தருவிக்கலாம் என்றாராம். எத்தனை நாளில் என்று கேட்டதற்குப் பதில் இல்லை.

ஏப்ரல் 19

மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டது, விசைப்படகுகள் எல்லாம் துறைமுகத்தில். எனக்கு இனி ஜூன் 14 வரை தலைக்கு மேல் வேலை. ஆகவே சுருக்கமாக.

நம் வாசகர் நேற்று பட்டறைக்கு வந்தார். படகை வாங்கவில்லை. டிரெய்லரை மட்டும் தனியாக விலை பேசி வாங்கிக்கொண்டு, வெறும் டிரெய்லரைக் காருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு வந்திருந்தார். படகைக் கொட்டகையில் தென்னங்கட்டைகள் மேல் இறக்கி வைத்தார்களாம். இறக்கும்போது பின்பலகையிலிருந்து அரைக் குடம் தண்ணீர் வடிந்ததாம். இப்போது 18 அடியில், பின்னால் அவுட்போர்டு மாட்டும்படியான, அந்த உருளைகளில் சரியாக உட்காரக்கூடிய படகு தேடுகிறார். கம்பெனி எதுவானாலும் பரவாயில்லை என்கிறார். அளவு நாடாவைக் கொடுத்து, உருளைகளுக்கு இடையே உள்ள தூரத்தை எழுதிக்கொள்ளச் சொன்னேன்.